இணையக் கட்டுப்பாடும் தோன்றா எழுவாயும்

அச்சுப்பொறி நம் நாட்டில் கால்கொண்ட நாள்தொட்டே அதற்கு வேலியிடும் முயற்சியும் உடன் வளர்ந்து வந்துள்ளது. அவ்வேலி பயிரைக் காக்குமா, பயிரையே மேயுமா என்னும் ஐயமும் அன்றே எழுந்துவிட்டது. செய்தித்தாளின் இடத்தை இணையம் பெரிதும் கைக்கொண்டுவிட்ட இந்நாளில் அவ்வையம் புத்துருவில் நம்முன் நிற்கின்றது. இதழியலை ஒரு தாளாகப் பயிலும் தமிழ்த்துறை மாணவரும், அவர்க்குப் பயிற்றும் நாமும், இது சட்டம் படித்தார் கவலை என்று ஒதுங்கிவிட இயலாது. நாம் நாள்தோறும் படிப்பதும், எழுதுவதும், ஆய்வுக்கெனத் தேடி எடுப்பதும் அவ்வேலிக்கு உட்பட்டனவே.

2025 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 15 ஆம் நாள் இரவு விகடன் இணையதளம் வாசகர் பலருக்குத் திறக்கவில்லை. ஒரு நிறுவனத்தின் இணைப்பில் திறந்தது, மற்றொன்றில் திறக்கவில்லை. முதலில் இதனைக் கருவிப் பழுது என்றே பலர் எண்ணினர். பின்னரே செய்தி கசிந்தது. அத்திங்கள் தொடக்கத்தில் அமெரிக்கா 104 இந்தியர்களை விலங்கு பூட்டி இராணுவ வானூர்தியில் அமிர்தசரசுக்குத் திருப்பி அனுப்பியிருந்தது. அதனையொட்டி, விகடன் பிளஸ் என்னும் மின்னிதழின் அட்டையில், அமெரிக்க அதிபர் டிரம்பின் அருகே இந்தியப் பிரதமர் விலங்குடன் அமர்ந்திருப்பதாக ஒரு கேலிச்சித்திரம் பிப்ரவரி 10 அன்று வெளிவந்தது. அக்காலை மாநில பாரதிய ஜனதா கட்சித் தலைவராயிருந்த அண்ணாமலை இதன்மீது முறையீடு செய்தார். முறையிடுதல் எவர்க்கும் உள்ள உரிமை. அதில் நமக்குப் பிணக்கில்லை. அதன்பின் நிகழ்ந்ததே நம் கருத்துக்கு உரியது.

முதலில் தளம் முடங்கிற்று. அதன் பின்னரே, துறைகளிடைக் குழுவின்முன் விளக்கமளிக்க வருமாறு நிறுவனத்துக்கு அழைப்பு வந்தது. தண்டனை முந்திற்று, விசாரணை பிந்திற்று. விகடன் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. மார்ச் 6 ஆம் நாள் நீதியரசர் பரத சக்கரவர்த்தி, அச்சித்திரம் உள்ள பக்கத்தை இடைக்காலமாக நீக்குமாறு விகடனுக்கும், நீக்கியபின் தளத்தைத் திறந்துவிடுமாறு நடுவணரசுக்கும் ஆணையிட்டார். இடையில் கழிந்தவை 19 நாள்கள். முறையீடு எழுந்தது ஓர் அட்டைப் படத்தின்மேல். மூடப்பட்டதோ அரசியல் செய்தி, சமையல் குறிப்பு, வேளாண்மைக் கட்டுரை, சிறுகதை, பழைய இதழ்த் தொகுப்பு யாவும். ஒரு நூலின் ஓர் ஏட்டின்மேல் குறை கூறி நூலகத்தையே பூட்டியதற்கு இது நிகராகும். தற்காலச் சிறுகதை குறித்து ஆய்வேடு எழுதும் மாணவர் ஒருவர் அந்நாள்களில் பழைய ஆனந்த விகடன் கதையொன்றைத் தேடியிருந்தால், அவருக்குக் கிடைத்திருக்கக்கூடியது வெற்றுத்திரையே.

இதே விகடன் குழுமம் முன்னொரு முறையும் கேலிச்சித்திரத்தால் இடருற்றதை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் சட்டமன்ற உறுப்பினரையும் அமைச்சரையும் எள்ளி வந்த நகைச்சுவைப் படத்துக்காக, அவை உரிமை மீறல் எனக் கூறி, ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. அவர் சிறை சென்றார். எங்கும் எதிர்ப்பு எழவே சில நாள்களில் விடுவிக்கப்பட்டார். பின்னர் வழக்காடி வென்று, அடையாள இழப்பீடாக 1,000 ரூபாயும் பெற்றார். அத்தண்டனை கொடிது என்பதில் ஐயமில்லை. ஆயினும் தண்டித்தவர் யார் என்பது நாடறிந்திருந்தது. என்ன குற்றம் என்பது அவையில் உரக்கச் சொல்லப்பட்டது. எதிர்ப்பார்க்கு எதிர்நிற்க ஒரு முகம் இருந்தது. மேலும், ஆசிரியர் சிறைக்குள் இருந்தபோதும் அவ்விதழ் கடைகளில் விற்பனையாகிக்கொண்டுதான் இருந்தது.

இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று ஒன்று கற்பிக்கின்றோம். 'வந்தாய்' என்றால் 'நீ' என்பது சொல்லாமலே விளங்கும்; வினைமுற்றின் விகுதி அதனைக் காட்டிவிடும். 'இத்தளத்தை அணுக இயலவில்லை' என்று திரையில் தோன்றும் தொடரிலோ, அணுகவொட்டாமல் தடுத்தவர் யார் என்பதைக் காட்ட விகுதியும் இல்லை, குறிப்பும் இல்லை. இணையக் கட்டுப்பாட்டில் நாம் காணும் முதற்குறை இதுவே. தடை உண்டு என்பதன்று நம் வழக்கு. தடுத்தவரும், தடுத்த காரணமும், தடுக்கப்பட்டது இன்னதென்பதும் மறைக்கப்படுகின்றன என்பதே.

அன்னியர் ஆட்சியையும் ஈண்டு எண்ணிப் பார்த்தல் தகும். 1878-இல் லிட்டன் பிரபு கொணர்ந்த தாய்மொழி இதழ்ச் சட்டத்தை மக்கள் வாய்ப்பூட்டுச் சட்டம் என்றனர். ஆங்கில இதழ்களை விட்டுவிட்டு இந்திய மொழி இதழ்களை மட்டும் அது பிணித்தது. வழக்கு மன்றம் செல்லும் வழியையும் அடைத்தது. வங்க மொழியில் வந்துகொண்டிருந்த அமிர்த பசார் பத்திரிகை அதற்குத் தப்ப ஆங்கில இதழாக மாறிக்கொண்டது. ரிப்பன் பிரபு காலத்தில் அச்சட்டம் நீங்கிற்று. 1928-இல் பாரதியார் பாடல் நூல்களைச் சென்னை அரசு பறிமுதல் செய்தது. சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி முதலானோர் அதனைக் கண்டித்துப் பேசினர். அந்நாளில் நூல் பறிமுதலுக்கு வழிவகுத்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 99-ஏ பிரிவைப் புரட்டிப் பார்ப்போர் வியப்படைவர். பறிமுதல் ஆணை அரசிதழில் வெளிவரல் வேண்டும். அதற்கான காரணங்களும் அதில் கூறப்படல் வேண்டும். அந்நூலில் நலனுடைய எவரும் இரண்டு திங்களுக்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். மூன்று நீதிபதிகள் கொண்ட தனி ஆயம் கேட்டு முடிவு செய்யும். அடிமைப்படுத்திய அரசே ஏட்டளவிலேனும் இவ்வளவு கொடுத்திருந்தது.

நாடு விடுதலை பெற்றபின்னும் இப்போர் ஓயவில்லை. பம்பாயிலிருந்து வந்த கிராஸ் ரோட்ஸ் என்னும் வார இதழ் சென்னை மாநிலத்துக்குள் நுழையலாகாது என்று சென்னை அரசு தடுத்தது. அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் தொடுத்த வழக்கில் 1950 மே திங்களில் உச்ச நீதிமன்றம் அத்தடையைச் செல்லாதென்றது. இதழைப் பரப்பும் உரிமையும் பேச்சுரிமையின் பகுதியே என்பது அத்தீர்ப்பால் நிலைபெற்றது. மறு ஆண்டே அரசமைப்புச் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, பொது ஒழுங்கு முதலியவற்றின் பொருட்டு 'நியாயமான கட்டுப்பாடு' விதிக்க இடம் செய்யப்பட்டதும் இத்தீர்ப்பின் எதிரொலியே. 'நியாயமான' என்னும் அந்தச் சொல்லை ஊன்றி நோக்குக. பின்வந்த வழக்குகளெல்லாம் அச்சொல்லைச் சுற்றியே சுழல்கின்றன.

கட்டுப்பாடே வேண்டா என்பார் பக்கம் நாம் இல்லை. 2018 மே திங்களில் திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டி ஒருவரைப் பிள்ளை பிடிப்பவர் என்று கருதி ஊரார் அடித்தே கொன்றனர். வாட்சப்பில் பரவிய வதந்தியே அவ்வச்சத்தை ஊர்தோறும் விதைத்திருந்தது. அவ்வாண்டு நாட்டின் பல மாநிலங்களிலும் இத்தகைய கொலைகள் நிகழ்ந்தன. அதன் பிறகே ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு அந்நிறுவனம் இந்தியாவில் வரம்பிட்டது. ஆயிரம் அறிவுரைகள் செய்யாததை இச்சிறு மாற்றம் ஓரளவேனும் செய்தது. யார் வாயையும் அது அடைக்கவில்லை. கட்டுப்பாட்டில் இஃது ஒரு வகை.

2023 மார்ச்சுத் திங்களில், பீகாரிலிருந்து வந்த தொழிலாளர் தமிழகத்தில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொலிகள் வட மாநிலங்களில் பரவின. அஞ்சி ஊர் திரும்பினார் பலர். தமிழகக் காவல்துறை அக்காணொலிகள் எங்கே, எப்போது எடுக்கப்பட்டவை என்பதை வெளிப்படையாக எடுத்துரைத்தது. பீகார் அரசின் குழு நேரில் வந்து பார்த்தது. பொய் பரப்பினார்மேல் பெயர் சொல்லி வழக்குப் பதியப்பட்டது. பொய்யை மெய்யால் மறுத்ததும், குற்றம் சாட்டப்பட்டார்க்கு நீதிமன்றத்தில் விடைகூற இடமிருந்ததும் இங்கே கருதற்பாலன. வதந்தியால் இடர்ப்படுவோர் பெரும்பாலும் எளியோர். வேற்றூரார், சிறுபான்மையினர், மொழி தெரியாத தொழிலாளர். அவர்களைக் காக்கச் சட்டம் வேண்டும் என்பதில் நாம் எவர்க்கும் பின்னிற்கமாட்டோம்.

ஆயின் எளியோரைக் காக்கவென்று இயற்றப்படும் சட்டம் வலியோரைக் காக்கத் திரும்பிவிடுவதே நம் பட்டறிவு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இல் பிறந்தது. 2008 திருத்தத்தால் அதில் 66-ஏ என்னும் பிரிவு சேர்ந்தது. பிறருக்கு 'எரிச்சல்' ஊட்டும் மின்செய்திக்கும் மூன்றாண்டு வரை சிறை என்றது அது. எரிச்சலுக்கு அளவுகோல் எங்கே உள்ளது? 2012-இல் புதுச்சேரியில் ஒரு சிறு தொழில் முனைவர், அந்நாளைய நிதியமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகக் கைது செய்யப்பட்டார். அடுத்த திங்களே மகாராட்டிரத்தின் பால்கரில், பால் தாக்கரே மறைவையொட்டி நகரம் முடங்கியதைக் குறித்து முகநூலில் எழுதிய இளம்பெண் ஒருவரும், அதற்கு 'விருப்பம்' தெரிவித்த தோழியும் கைதாயினர். விருப்பக்குறி இட்டதும் குற்றமாயிற்று! 2015 மார்ச் 24 ஆம் நாள் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்பிரிவை முற்றிலும் நீக்கியது. நீக்கிய பின்னும் காவல் நிலையங்கள் அதன்கீழ் வழக்குப் பதிந்துவந்தன. 2021-இல் இதனைக் கேட்ட நீதிமன்றமே அதிர்ச்சி தெரிவித்தது.

அத்தீர்ப்பைக் கொண்டாடுவோர் பலரும் அதன் மறுபாதியைச் சொல்லாமல் விடுகின்றனர். 69-ஏ என்னும் பிரிவை, அதாவது தளங்களை முடக்க அரசுக்கு அதிகாரம் தரும் பிரிவை, அதே தீர்ப்பு செல்லும் என்றது. அது கூறிய காரணம் இன்றியமையாதது. முடக்குவதற்கான காரணங்கள் வரையறுக்கப்பட்டுள்ளன. காரணத்தை எழுத்தில் பதிவு செய்தல் வேண்டும். அவ்வாறு எழுதப்பட்டமையால் அதனை உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். இக்காப்புகள் உள்ளன என்று நம்பியே நீதிமன்றம் அப்பிரிவுக்கு உயிர் கொடுத்தது.

அக்காப்புகள் நடைமுறையில் எங்ஙனம் உள்ளன? 2009 ஆம் ஆண்டின் முடக்க விதிகளில் 8 ஆம் விதி, வெளியிட்டவருக்கோ அதனைத் தாங்கி நிற்கும் நிறுவனத்துக்கோ அறிவிப்புத் தந்து கேட்கச் சொல்கின்றது. 9 ஆம் விதி, அவசரமாயின் கேளாமலே முடக்கலாம் என்கின்றது. 16 ஆம் விதியோ, முறையீடும் நடவடிக்கையும் கமுக்கமாய் இருத்தல் வேண்டும் என்கின்றது. செய்தித் தளங்களுக்கென 2021 பிப்ரவரியில் வந்த புதிய விதிகளிலும் அவசர முடக்கம் உண்டு. அதன் எண்ணும் 16 என்று அமைந்தது தற்செயலே. விளைவு என்னவெனில், காரணம் எழுதப்படுகின்றது. எழுதியது பாதிக்கப்பட்டவர் கைக்கு வருவதில்லை. கையில் இல்லாத ஆணையை எதிர்த்து வழக்குத் தொடுப்பது எங்ஙனம்? பெரிய நிறுவனம் வழக்கறிஞரை அமர்த்தி நீதிமன்றத்தில் கேட்டுப் பெறலாம். மாவட்டத் தலைநகர் ஒன்றிலிருந்து யூடியூபில் செய்தி படிக்கும் இருவர் மூவர் கொண்ட குழு என்ன செய்யும்? நாடாளுமன்றத்தில் அரசு தந்த விடைகளின்படி, 2014-இல் முடக்கப்பட்ட இணைய முகவரிகள் 471; 2020-இல் 9,849. இவற்றுள் எத்தனை பயங்கரவாதிகளுடையவை, எத்தனை மோசடிக்காரருடையவை, எத்தனை அரசைக் குறைகூறிய எழுத்தருடையவை என்று எவரும் எண்ணிப் பார்க்க வழியில்லை. முடக்கியவற்றுள் பெரும்பகுதி முடக்கத்தக்கனவாகவே இருக்கக்கூடும். அதனை மெய்ப்பிக்கும் வாய்ப்பையும் இக்கமுக்கம் அரசுக்கே இல்லாமற் செய்துவிடுகின்றது.

சமூக ஊடக நிறுவனங்களின் நிலை தனி வகைத்து. பிறர் எழுதியதற்கு அவை பொறுப்பல்ல என்று 79 ஆம் பிரிவு ஒரு காப்புத் தருகின்றது. அரசின் ஆணைக்குப் பணியாவிடில் அக்காப்பு பறிபோகும். எழுதியவருக்காக வழக்காடுவதில் வணிக நிறுவனத்துக்கு என்ன ஊதியம்? நீக்கிவிடுதலே எளிது. எதிர்த்து நின்ற நிறுவனம் பெற்ற பரிசையும் கண்டோம். உழவர் போராட்டம் முதலியவற்றையொட்டி வந்த முடக்க ஆணைகளை ட்விட்டர் 2022-இல் கருநாடக உயர் நீதிமன்றத்தில் எதிர்த்தது. 2023 ஜூன் 30 அன்று தனி நீதிபதி வழக்கைத் தள்ளியதோடு 50 லட்சம் ரூபாய் செலவுத்தொகையும் விதித்தார். 2025 மே திங்களில், இந்திய-பாகிஸ்தான் மோதலின்போது, 8,000-க்கு மேற்பட்ட கணக்குகளை இந்தியாவில் முடக்குமாறு ஆணை வந்ததாகவும், பெரும்பாலானவற்றில் எந்தப் பதிவு எந்தச் சட்டத்தை மீறியது என்று கூறப்படவில்லை என்றும், எக்ஸ் எனப் பெயர் மாறிய அதே நிறுவனம் அறிவித்தது. போர்க்காலத்தில் சில செய்திகளை அடக்குதல் எந்நாட்டு வழக்கமும்தான். 8,000 வாயையும் ஒருங்கே அடைத்தல் அதனுள் அடங்குமா என்பதே வினா.

இன்னொரு நிகழ்ச்சியையும் சுட்ட வேண்டும். நடுவணரசைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்பதை அரசின் உண்மை சரிபார்ப்புப் பிரிவே முடிவு செய்யும் என்று 2023 ஏப்ரலில் விதி திருத்தப்பட்டது. தன்னைப் பற்றிய வழக்கில் தானே நீதிபதி! 2024 சனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இதில் மாறுபட்டனர். மூன்றாம் நீதிபதி செப்டம்பர் 20 அன்று திருத்தம் அரசமைப்புக்கு மாறானது என்றார். நீதிமன்றங்கள் முற்றும் கண்மூடிவிடவில்லை என்பதற்கு இஃது ஒரு சான்று.

காசுமீரம் பற்றிய தீர்ப்பு மற்றொரு சான்று. 2019 ஆகஸ்டில் அங்கு இணையமே அறுக்கப்பட்டது. செய்தியாளர் அனுராதா பாசின் தொடுத்த வழக்கில் 2020 சனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம், இணைய இணைப்பை நிறுத்தும் ஆணைகளை வெளியிட்டே ஆகவேண்டும், காலவரையின்றி நிறுத்துதல் கூடாது என்றது. முழு வேகத் தொடர்பு அங்கு மீண்டது 2021 பிப்ரவரியிலேதான் என்பது வேறு செய்தி. கோட்பாட்டளவில் அத்தீர்ப்பு பெரிது. ஒரு மாநிலத்தின் இணைய இணைப்பை அறுக்கும் ஆணையையே வெளியிடலாம் என்றால், ஒரு தளத்தை மூடும் ஆணையை வெளியிடுவதில் நாட்டுக்கு என்ன கேடு நேர்ந்துவிடும்?

நாம் கேட்பது புதிதன்று. பாரதியார் பாடல் காலத்து 99-ஏ பிரிவு மறைந்துவிடவில்லை. 1973 ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 95 ஆம் பிரிவாயிற்று. இப்போது நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 98 ஆம் பிரிவாக நிற்கின்றது. இன்றும் ஓர் அச்சு நூலைப் பறிமுதல் செய்ய வேண்டுமாயின் அரசு காரணம் கூறி அறிவிக்கை வெளியிட வேண்டும். நலனுடையோர் இரண்டு திங்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் முறையிடலாம். மூன்று நீதிபதிகள் கேட்பர். அதே எழுத்து தாளிலிருந்து திரைக்கு ஏறியவுடன் இவ்வுரிமை யாவும் உதிர்ந்துவிடுகின்றன. அச்சில் வந்த ஆனந்த விகடனுக்கு உள்ள காப்பு மின்னிதழாகிய விகடன் பிளசுக்கு இல்லை. எழுதுவோர் ஒருவரே, படிப்போரும் ஒருவரே. திரையில் வரும் எழுத்துக்கு, தாளில் வரும் எழுத்துக்கு உள்ள அந்த அறிவிக்கையும், அந்தக் காரணமும், அந்த மூன்று நீதிபதிகளும் வேண்டும் என்பதே நம் கோரிக்கை. மிக அவசரம் என்றால் முதலில் முடக்கட்டும். இரண்டு நாள்களுக்குள் ஆணையின் படியை எழுதியவர் கையில் கொடுக்கட்டும். முடக்கப்படுவது குறைகூறப்பட்ட பக்கமாக இருக்கட்டும், முழுத்தளமாக வேண்டா. வாசகன் திறக்கும் திரையில், எந்தத் துறை, எந்த நாளில், எந்தப் பிரிவின்கீழ்த் தடுத்தது என்னும் மூன்று வரியேனும் இடம்பெறட்டும்.

2009 விதிகளின் கமுக்க விதியை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் ஒரு மனு தொடுக்கப்பட்டுள்ளது. விகடன் வழக்கில் சென்னையில் ஆணை பிறப்பதற்கு மூன்று நாள் முன்னதாக, 2025 மார்ச் 3 அன்று, அம்மனுவின்மேல் நடுவணரசின் விடையைக் கேட்டு அறிவிப்பு அனுப்பப்பட்டது. எழுதியவர் யாரென்று அறியக்கூடுமாயின் அவருக்கு அறிவிப்புத் தரவேண்டும் என்பதே முதல் நோக்கில் தம் கருத்து என்று நீதிபதிகள் அன்று கூறினர்.